பனிக்காலச் சந்தையும் வாங்குவோர் உரிமையும்

மார்கழி, தை மாதப் பனியில் பெரம்பலூர், அரியலூர்ச் சந்தைகளில் மொச்சை, அவரை, பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நெல்லிக்காய், கொய்யா எனக் கூறுகட்டி வைக்கப்படுபவை பெரும்பாலும் மலிவானவை. சத்தில் அவை வெளியூர் ஆப்பிளுக்கு இளைத்தவை அல்ல. 100 கிராம் ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் இருக்கும் வைட்டமின் சி, அதே எடைக் கொய்யாவில் 200 மில்லிகிராமைத் தாண்டுகிறது. இச்சத்து சளியே பிடிக்காமல் காக்கும் என்பது மிகைப்பட்ட நம்பிக்கை. ஆனால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஈர்த்துக்கொள்ள அது துணைசெய்வதால், முருங்கைக்கீரைப் பொரியலோடு வேகவைக்காத நெல்லிக்காய்த் துவையலைச் சேர்த்துண்பது பயன் தரும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் மட்டும் நிறத்தை நம்பி ஏமாற இடமுண்டு. உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் என்னும் நிறமி, உள்சதை ஆரஞ்சு நிறமாயிருக்கும் கிழங்கிலேயே மிகுதி. தோலின் சிவப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தச் சிவப்பைக் கூட்டிக்காட்டப் பூசப்படக்கூடியது ரோடமின்-பி, அதாவது துணிகளுக்கு ஏற்றப்படும், உணவில் அனுமதிக்கப்படாத சாயம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடைசெய்யப்பட்டதும் இதனால்தான். சமையல் எண்ணெயில் நனைத்த பஞ்சால் கிழங்கின் தோலை அழுத்தித் தேய்க்கும்போது பஞ்சில் இளஞ்சிவப்பு ஏறினால், சாயம் பூசப்பட்டிருப்பதாகக் கருதலாம்.

பஞ்சுச் சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றிச் சட்டத்தின் முன் சான்றாகாது. அதற்கு வழி 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் உள்ளது: பொருளை வாங்கும் எவரும் கட்டணம் செலுத்தி, அரசு அங்கீகாரம் பெற்ற பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதித்து அறிக்கை பெறலாம், சட்டமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆயினும், சோதனைக்கு அனுப்பும் எண்ணத்தை வாங்கும்போதே விற்பவரிடம் தெரிவித்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பலர் அறிவதில்லை; வீட்டுக்கு வந்தபின் ஐயுறுவோருக்கு இப்பிரிவு எளிதில் உதவாது.

அத்தகையோர் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்னும் வாட்ஸ்அப் எண்ணுக்கோ, மாவட்ட நியமன அலுவலருக்கோ புகார் அனுப்பலாம். அப்போது கடையின் பெயர், இடம், வாங்கிய நாள் ஆகியவற்றைக் குறிப்பிடுவதும், எஞ்சிய கிழங்கைக் கழுவாமல் வைத்திருப்பதும் விசாரணைக்கு உதவும்.