நாய் தண்ணீர் குடித்தால் வெறி இல்லையா?

தேனி மாவட்டத்தில் மலையடிவாரத்து ஊர் பொட்டிப்புரம். அதே மலையோரத்தில் கோம்பை என்ற ஊர் இருக்கிறது. நாய்க்குப் பெயர் போன ஊர் அது. செம்பழுப்பு உடம்பும் கறுத்த மூஞ்சியுமான கோம்பை நாய், காட்டுப்பன்றிக்கும் அஞ்சாது என்பார்கள். அப்பேர்ப்பட்ட நாயையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி சாய்த்துவிடும். நாயை மட்டுமா? அதற்குச் சோறு வைத்தவரையும்தான்.

வெறிநோயைத்தான் சொல்கிறோம்.

வெறிநாய் தண்ணீரைக் கண்டால் பயந்து ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தண்ணீரைக் கண்டு நடுங்குவது இந்த நோய் வந்த மனிதன். நாய் தண்ணீரைத் தேடிப் போகும், வாயையும் வைக்கும். தொண்டை வேலை செய்யாததால் விழுங்க முடியாது. "தண்ணீர் குடிக்கிறதே, பயமில்லை" என்று இருந்துவிடாதீர்கள்.

முதலில் நாயின் குணம் மாறும். வாலாட்டி வரும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சோறு தின்னாது. குரல் கம்மிவிடும். பிறகு கல், கட்டை என்று கண்டதையெல்லாம் கடிக்கும். காரணமில்லாமல் ஆளைக் கடிக்கும்.

இன்னொரு வகை உண்டு. அதுதான் ஏமாற்றும். நாய் யாரையும் கடிக்காது. கீழ்த்தாடை தொங்கிப்போகும், எச்சில் வடியும். "ஐயோ பாவம், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது" என்று வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விடுவார். விரலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் போதும், எச்சிலில் உள்ள கிருமி உள்ளே போய்விடும். தாடை தொங்கும் நாயைத் தொடாதீர்கள். குழந்தைகளை விலக்கிவிட்டு, கால்நடை டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கடித்துவிட்டால் என்ன செய்வது? சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். இந்தக் கிருமியின் மேல் கொழுப்பால் ஆன ஓர் உறை இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துவிடும். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ரத்தம் வந்த கடியானால், புண்ணைச் சுற்றிப் போடும் தனி மருந்தும் உண்டு. அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிரான்ஸ் தேசத்தில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி 1885-ல், நாய் கடித்த 9 வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். அவர் பெயரில் 1907-ல் குன்னூரில் ஒரு நிலையம் ஏற்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தைத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட கதையைப் பாட்டிமார் இன்னும் சொல்வார்கள். அதைக் கேட்டுப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களும் உண்டு. அந்த மருந்து நின்று இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது கையில்தான் ஊசி, நாலைந்து தடவைதான். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனால் நோய்க்குறி தெரிந்த பிறகு போனால் பிழைப்பது அரிதிலும் அரிது. கடித்துச் சில மாதம் கழித்தும் நோய் வரும். ஆகவே "புண் ஆறிவிட்டது" என்பது சமாதானம் ஆகாது.

திட்டுவார்களே என்று பிள்ளைகள் கீறலை மறைப்பார்கள். நாய் பிறாண்டினாலும், பூனை பிறாண்டினாலும் திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குட்டி நாய்களுக்கு வேறொரு எமன் உண்டு. பார்வோ என்று பெயர். வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல். உடம்பில் நீர் வற்றி இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விடும். மனிதருக்கு இது தொற்றாது. உடனே கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. செத்த இடத்து மண்ணில் கிருமி பல மாதம் இருக்கும். அங்கே புதுக் குட்டியை விடாதீர்கள்.

உண்ணி கடித்தும் காய்ச்சல் வரும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் காய்ச்சல் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். நமக்குச் சாதாரணமான பாராசிட்டமால் ஒன்று போதும், பூனை செத்துப்போகும்.

பார்வோவுக்கு ஆறு முதல் எட்டு வாரக் குட்டியிலேயே ஊசி தொடங்க வேண்டும். வெறிநோய்க்கு மூன்றாவது மாதம் முதல் ஊசி, டாக்டர் சொல்லும் நாளில் இன்னொன்று, பிறகு வருஷம் ஒன்று. பூனைக்கும் வெறிநோய் ஊசி உண்டு. தேனிப் பக்கத்தாருக்கு வீரபாண்டியிலேயே 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஊசி போட்ட தேதியை அட்டையில் குறித்துத் தருவார்கள். அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தால், அடுத்த வருஷம் தேட வேண்டியதில்லை.