முசிறியின் கடன் பத்திரம்

வண்டிப்பெரியாரின் நடுவே செல்லும் பெரியாறு 244 கிலோமீட்டர் நீளமுடையது; கேரளத்தின் மிக நீண்ட ஆறு. 1895ஆம் ஆண்டு முல்லைப்பெரியாறு அணை அதன் மேல்நீரைக் கிழக்கே திருப்பிவிட்டபின், கோடையில் நம் ஊர்ப் பாலத்தின் கீழே நீரைவிடப் பாறைகளே மிகுதியாகத் தென்படுகின்றன. ஆயினும் இந்த ஆறு கடலோடு கலக்கும் நிலப்பரப்பில்தான், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமப் பேரரசின் வணிகக் கப்பல்கள் நாடிவந்த முசிறித் துறைமுகம் இருந்தது. யவனர் கப்பல்கள் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடல் பதிவு செய்துள்ளது.

வடக்குப் பரவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரே பழைய முசிறி என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. குட்டிக்கானம், முண்டக்கயம், கோட்டயம், எர்ணாகுளம் வழியாக அங்கே செல்லலாம். அண்மையில் குடும்பத்துடன் சென்றிருந்தேன். இத்தாலியக் கடற்கரையில் உரோமச் செல்வர்களின் மாளிகை இடிபாடுகளில் காணப்படும் தூண்களையும் சித்திரத் தரைகளையும் எண்ணிக்கொண்டு செல்பவர் இங்கே ஏமாற்றமடைவர். தென்னை மரங்கள், வீடுகள், வேலிகள், வாய்க்கால்கள், அவ்வளவே. தோண்டிய குழிகள் பெரும்பாலும் மீண்டும் மூடப்பட்டுவிட்டன. பழைய துறைமுகத்தின் பெரும்பகுதி மக்கள் குடியிருக்கும் மனைகளின் அடியிலேயே கிடக்கிறது. "இதைப் பார்க்கவா அப்பா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று என் மகள் கேட்டாள். கேள்வி நியாயமானதே.

2007 முதல் பி. ஜே. செறியான் தலைமையில் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள், உரோமக் கண்ணாடி, செங்கல்லால் கட்டிய துறைமேடை, ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஆறு மீட்டர் நீளப் படகு ஆகியவை வெளிப்பட்டன. மிளகு மணிகளும் கிடைத்தன.

எனினும் வங்கிப் பணியில் இருப்பவனுக்கு முசிறியைக் கண்முன் நிறுத்துவது வியன்னாவில் உள்ள ஒரு தாள். ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் அந்தப் பாப்பிரசு ஏடு கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. அது கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடன் ஒப்பந்தம். 'முசிறிக் கடன் ஒப்பந்தங்கள்' என்ற தொடரே அதில் இடம்பெறுகிறது.

அதன் நிபந்தனைகளைப் படித்தால் நம் கடன் பத்திரங்களே நினைவுக்கு வரும். செங்கடல் துறையில் இறக்கிய சரக்கை நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, காவலுடன் பாலைவனத்தைக் கடந்து, நைல் கரையிலுள்ள காப்டசு நகரின் அரசுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். அங்கே கடன் கொடுத்தவரின் முத்திரையின்கீழ் அது இருக்கும். பின்னர் ஆற்று வழியே அலெக்சாந்திரியா, அங்கும் அவ்வாறே. கால்பங்கு சுங்கவரி. தவணை தவறினால், கடன் கொடுத்தவர் அறிவிப்பின்றியே ஈட்டுப் பொருளைக் கைப்பற்றி விற்கலாம். மிகுதியோ குறைவோ கடன் பெற்றவர் கணக்கில் சேரும். இன்று நாம் கையெழுத்திடும் 'ஹைபாத்திகேஷன்' பத்திரத்தின் பெயரும் கிரேக்க வேரிலிருந்தே வந்தது.

ஏட்டின் மறுபக்கத்தில் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு உள்ளது. கங்கைச் சமவெளியிலிருந்து வந்த சடாமாஞ்சி 60 பெட்டி, யானைத் தந்தம் முதலியன அதில் உள்ளன. கிழிந்துபோன பகுதியில் மிளகே பெரும்பங்கு வகித்திருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. வரி போக மதிப்பு 1,154 தாலந்து, 2,852 திராக்மா. ஒரு தாலந்துக்கு 6,000 திராக்மா. ஆக 69,26,852 திராக்மா. எகிப்தியத் திராக்மா ஏறக்குறைய ஓர் உரோமச் செஸ்டர்சுக்கு ஈடு. உரோம ஆட்சிமன்ற உறுப்பினருக்கு வேண்டிய சொத்துத் தகுதி பத்து லட்சம் செஸ்டர்சுகளே! ஒரே கப்பல், ஒரே பயணம்.

கடன் கொடுத்தவர், பெற்றவர் பெயர்கள் ஏட்டில் கிழிந்து போயின. ஆனால் மலையில் கொடியேறி மிளகு பறித்தவருக்கு அந்த ஒப்பந்தத்தில் தொடக்கத்திலேயே இடமில்லை. ஒட்டகக்காரர் வரை எண்ணிப் பார்த்தவர்கள், சரக்கை விளைவித்தவரை எண்ணவில்லை. உரோமில் கறுப்பு மிளகு ஒரு ராத்தல் நான்கு தெனாரியசுக்கு விற்றது எனப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். இங்கே மலையடிவாரத்தில் என்ன விலை கொடுத்தார்கள் என்று எழுதி வைத்தவர் எவருமில்லை. எங்கள் கிளைக்கு வரும் மிளகு விவசாயியின் கடன் மனு அவர் பெயரிலும் நில விவரத்திலுமே தொடங்குகிறது. விலை சரிந்திருக்கும் ஆண்டில், நன்கு உலர்த்திய மிளகை அவசரப்பட்டு விற்காமல், அங்கீகரிக்கப்பட்ட கிடங்கில் வைத்து அந்த ரசீதின்மேல் கடன் பெறவும் அவருக்கு வழியுண்டு. முத்திரை இன்றும் கிடங்கில்தான் விழுகிறது. சரக்கு மட்டும் விளைவித்தவர் பெயரில் இருக்கிறது.

எகிப்தின் பெரெனிகே துறைமுகக் கோயிலில், இந்தியச் சேமிப்பு ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ அளவுக்கு மிளகு அப்படியே கிடைத்தது. எந்த மலைச்சரிவில் பறித்ததோ!

செல்ல விரும்புவோர் பட்டணத்தோடு நிறுத்திவிட வேண்டாம். கேரள அரசின் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின்கீழ் பரவூர், சேந்தமங்கலம் யூதத் தொழுகைக்கூடங்களும் பாலியம் அரண்மனையும் அருங்காட்சியகங்களாகப் பேணப்படுகின்றன. கோட்டப்புறம் கோட்டையும் அருகிலேயே உள்ளது. இவற்றிடையே படகில் செல்லும் வசதியும் உண்டு. படகேறியபின் என் மகள் ஒருமுறைகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.