மரத்தில் உறையும் தெய்வம் சித்திரத்தில் எழுந்தருளிய கதை

ஆலயத்தை வலம் வருகையில் தல விருட்சத்தின் முன் ஒரு கணம் நின்று கைகூப்பாமல் நாம் அகல்வதில்லை. மத்தியப் பிரதேசத்தின் வனப்பகுதிகளில் வாழும் கோண்டு மக்களுக்கோ மரமே ஆலயம். 'சாஜா' என்று அவர்கள் அழைக்கும் கருமருத மரத்தில் தங்கள் பெருந்தெய்வமாகிய 'படா தேவ்' உறைவதாக நம்புகின்றனர். அங்கே கோபுரம் இல்லை, விக்கிரகமும் இல்லை.

அத்தெய்வத்தைத் துயிலெழுப்புவது பாட்டு. மரத்தினுள் மறைந்த படா தேவ், சகோதரர்களுள் இளையவர் ஒருவர் 'பானா' என்னும் நரம்புக் கருவியைச் செய்து இசைக்கவே மகிழ்ந்து அருள்புரிந்தாராம். அவர் வழிவந்தோரே பர்தான் எனும் பாணர் குலத்தார். குடிகளின் இல்லந்தோறும் சென்று, தெய்வப் புகழையும் முன்னோர் வரலாற்றையும் பாடி, தானியமும் துணியும் பெற்று வாழ்ந்தனர். காலம் மாறியது, புரப்போர் அருகினர், பானா பல இல்லங்களில் மௌனமானது. பாட்டு நின்றுவிட்டால், பாட்டிலேயே வாழும் தெய்வம் எங்கே செல்லும்?

இவ்வேளையில்தான் பாட்டன்கட் கிராமத்துப் பர்தான் இளைஞர் ஜன்கட் சிங் ஷியாம் தூரிகை ஏந்தினார். போபால் நகரில் 1982-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாரத் பவன் கலைக்கூடத்திற்காகக் கிராமியக் கலைஞர்களைத் தேடிய ஓவியர் ஜெ. சுவாமிநாதன், அவரது திறமையைக் கண்டு போபாலுக்கு அழைத்துவந்தார். கோண்டு மகளிர் தரையிலும் சுவரிலும் இடும் 'திக்னா' நம் கோலத்தை ஒத்தது. அந்த மண்ணில் வளர்ந்த ஜன்கட், அதுவரை பாட்டில் மட்டுமே வாழ்ந்த தெய்வங்கள் பலவற்றுக்குப் புள்ளியாலும் கோட்டாலும் வண்ணத்தாலும் வடிவம் தந்தார். 1989-இல் பாரிஸ் மாநகரக் கண்காட்சியிலும் அவை இடம்பெற்றன.

உருவமில்லாத் தெய்வத்திற்கு உருவம் கொடுக்கலாமோ என்று கேட்கத் தோன்றலாம். அன்பர் நெஞ்சம் நாடும் வடிவில் இறைவன் எழுந்தருள்வான் என்பது நம் முன்னோர் துணிவு. பானாவின் நரம்பில் இசைந்த தெய்வம் தூரிகைக்கும் இசைந்தது என்றே கொள்வோம்.

2001-இல் ஜப்பான் நாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் ஓவியம் தீட்டச் சென்றிருந்தபோது ஜன்கட்டின் வாழ்வு துயரமாக முடிந்தது. எனினும் அவர் தொடங்கிய மரபு முடியவில்லை. அவரிடம் பயின்ற உறவினர் பஜ்ஜு ஷியாம் 2018-லும், சிறுவயதிலேயே திக்னா இடப் பழகிய துர்கா பாய் வியாம் 2022-லும் பத்மஸ்ரீ விருது பெற்றனர்.

இன்று அச்சித்திரங்கள் வரவேற்பறைகளில் அலங்காரமாகவும் தொங்குகின்றன. கதை அறியாதவர்க்கு அது வண்ணம். அறிந்தவர்க்கு அது வழிபாடு. நம் பூஜை அறைப் படங்களுக்கும் இது பொருந்தும். படத்தைப் பேரக்குழந்தைகளிடம் காட்டும்போது, அதன் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்பவர் இருக்கும்வரை தெய்வம் நம்மோடு பேசிக்கொண்டிருக்கும்.