உங்களுக்குத் தெரியுமா? மூட்டு மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பது எப்படி

● முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் எழுதித்தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, போட்ட வாரமே பலன் காட்டாது. வீக்கம் வற்றத் தொடங்கவே 6 முதல் 12 வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய 6 மாதம்கூட ஆகலாம். மூன்றாம் வாரமே "இது நமக்கு ஒத்துவரல" என்று நிறுத்திவிடுகிறவர்கள் கொழிஞ்சாம்பாறையிலும் உண்டு, மறையூரிலும் உண்டு. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து.

● 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், நடக்க முடியாமல் கிடந்த ஒரு முடக்குவாத நோயாளிக்கு பிலிப் ஹென்ச் குழுவினர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சில நாளிலேயே அந்தப் பெண் கடைத்தெருவுக்குப் போய்வந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கு நோபல் பரிசு. பக்கவிளைவுகளின் முழுக்கணக்கு பின்னால்தான் வந்தது. இன்றைக்கு ஸ்டீராய்டு, மெதுவான மருந்து வேலையைத் தொடங்கும்வரை தாக்குப்பிடிக்கத் தருவது. அதைக் குறைத்த பிறகும் மூட்டு அடங்கியிருந்தால்தான் மெதுவான மருந்துக்கு மார்க் போடலாம். சந்தையில் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

● ஆயுர்வேதமா, அலோபதியா? பாலக்காட்டுத் திண்ணைகளில் ஓயாத இந்த வழக்கு, வாளையாறு தாண்டிக் கோவையில் முறைப்படி சோதித்துப் பார்க்கப்பட்டது. பி.வி. ராமவாரியர் 1943-ல் தொடங்கிய ஆர்ய வைத்திய பார்மஸியின் ஆய்வாளர்களும், கலிபோர்னியாவைச் சேர்ந்த மூட்டு மருத்துவர் டேனியல் ஃபர்ஸ்ட்டும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. முடிவு 2011-ல் வெளியானது. நோயாளிகள் 43 பேர், மூன்று அணி. ஒன்றுக்கு மெத்தோட்ரெக்சேட்டும் போலி ஆயுர்வேத மருந்தும், இன்னொன்றுக்கு ஆயுர்வேத மருந்தும் போலி மெத்தோட்ரெக்சேட்டும், மூன்றாவதுக்கு இரண்டுமே அசல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடுகிறவருக்கும் தெரியாது. 12 வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 36 வாரம் அளந்தார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. 'குறைந்தது 20 சதவீத முன்னேற்றம்' என்ற கோலால் அளந்தால் ஆயுர்வேத அணியில் 100 சதவீதம் பேர் தேறினார்கள். மெத்தோட்ரெக்சேட்டில் 86, இரண்டும் சேர்ந்ததில் 82. நோயின் வேகத்தைச் சொல்லும் டிஏஎஸ்28 மதிப்பெண்ணால் அளந்தாலோ மெத்தோட்ரெக்சேட் உள்ள இரண்டு அணிகளிலும் 2.4 இறக்கம், ஆயுர்வேதத்தில் 1.7 தான். அதே ஆட்கள், அதே மருந்து! ஆயுர்வேத அணியில் இருந்தது 12 பேர் என்பதால் எந்த வித்தியாசமும் புள்ளியியல்படி நிற்கவில்லை. '100 சதவீதம்' என்று முழங்குகிறவரும் சரி, '2.4' என்று மடக்குகிறவரும் சரி, ஒரே ஆய்வின் பாதியைத்தான் படித்திருக்கிறார்.

● மெத்தோட்ரெக்சேட் பிறந்தது அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில், எல்லாப்ரகட சுப்பாராவின் தலைமையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த அவர், கடல் கடப்பதற்கு முன் சென்னை ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தியவர். 1948-ல் காலமானார். அந்த மருந்துக்கு முடக்குவாதத்துக்கான அமெரிக்க அனுமதி கிடைத்தது 1988-ல்.

● 2006, 2007-ல் கேரளத்தைச் சிக்குன்குனியா புரட்டிப்போட்டது, இடுக்கியும் தப்பவில்லை. அந்தக் காய்ச்சலுக்குப் பின் வரும் மூட்டுவலி சிலருக்கு முடக்குவாதம் போலவே இருக்கும், ஆனால் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் தானாக அடங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத் தடவிய எண்ணெய்க்குக் கிடைத்த பேர் இன்னும் போகவில்லை.

● மருந்து ஆரம்பித்ததும் மாதாமாதம் எடுக்கச் சொல்லும் ரத்த அணு எண்ணிக்கையும் ஈரல் பரிசோதனையும் 'நார்மல்' என்று வந்தால் மருந்து கெடுதல் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். வேலை செய்கிறதா என்பதை அவை சொல்லா. அதற்கு, உடலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈஎஸ்ஆரும் சிஆர்பியும். அதிலும் ஈஎஸ்ஆர் வயது கூடினால் ஏறும், ரத்தசோகை இருந்தாலும் ஏறும்; சிஆர்பி அவ்வளவு தடுமாறாது. வண்டிப்பெரியாறுக்காரர் கோட்டயத்தில் ஒருமுறை, தேனியில் ஒருமுறை என்று எடுத்தால் இரண்டு லேபின் கணக்கும் ஒத்துப்போகாமல் போகலாம். பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

முடக்குவாதக் காரணி எனும் ஆர்ஏ ஃபேக்டரை மறுபடி மறுபடி எடுப்பது பெரும்பாலும் தண்டச் செலவு. நோய் அடங்கியவருக்கும் அது பாசிட்டிவாகவே இருக்கலாம்.

● நோயாளியின் அன்றாடத்தை அளக்க இந்திய மருத்துவர்கள் 12 கேள்விகள் வைத்திருக்கிறார்கள். புடவையோ வேட்டியோ கட்ட முடிகிறதா? சம்மணமிட்டு உட்கார முடிகிறதா? ஆட்டோவில் ஏறி இறங்க முடிகிறதா? 3 கிலோமீட்டர் நடக்க முடிகிறதா? "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மழை பெய்கிற அன்று ஒரு பதில், வெயிலடிக்கிற அன்று ஒரு பதில். இப்படிக் கேட்டால் மழுப்ப முடியாது. காலையில் கைவிரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

● எவ்வளவு நாள் பொறுப்பது? 3 மாதத்தில் அசைவே இல்லை, அல்லது 6 மாதத்தில் இலக்கை எட்டவில்லை என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பது ஐரோப்பிய மூட்டு மருத்துவர்களின் விதி. 2004-ல் வெளியான கிளாஸ்கோ ஆய்வில், மாதாமாதம் அளந்து மருந்தைத் திருத்திய அணியில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான்.

● டிஏஎஸ்28-ல் உள்ள 28 மூட்டுகள்: தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முழங்கால். கணுக்காலும் பாதமும் அதில் இல்லை! மூணாறு சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து பறிக்கிறவருக்கு மதிப்பெண் இறங்கியிருக்கும், பாதம் வீங்கியே இருக்கும். டாக்டர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.