நடப்பு நிகழ்வுகள்: கேள்வி செய்தியில் இல்லை, செய்திக்குப் பின்னால் இருக்கு!

சிவில் சர்வீஸ் தேர்வுக்குத் தயாராகிறவரா நீங்கள்? அப்படியென்றால் உங்கள் மொபைலில் குறைந்தது நாலு டெலிகிராம் சேனல், ரெண்டு வாட்ஸ்அப் குரூப், "மாத நடப்பு நிகழ்வுகள் 500 வினா விடை" என்ற பெயரில் ஏழெட்டு பிடிஎஃப் இருக்கும். தினமும் காலையில் ஒரு க்விஸ் போட்டு, 10க்கு 8 கூட வாங்கியிருப்பீங்க. ஆனால் தேர்வு அறையில் கேள்வித்தாளைத் திறந்ததும், படித்த செய்தி ஒன்றுகூட வராதது மாதிரி தோன்றும். உண்மையில் வந்திருக்கும். நீங்கள் பயிற்சி எடுத்த கேள்வி ஒரு ரகம், அங்கே கேட்பது வேறு ரகம் என்பதுதான் பிரச்சினை.

ஒரு நிஜக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரி 2, உலக ஈரநில நாள். அன்று குஜராத்தின் கிஜாடியாவும் உத்தரப் பிரதேசத்தின் பகீராவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிப்பு வந்தது. இந்தியாவின் மொத்த எண்ணிக்கை 49 ஆனது. இந்தச் செய்தியை வைத்து சாதாரண க்விஸ் எப்படிக் கேட்கும்? "சமீபத்தில் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பகீரா எந்த மாநிலத்தில் உள்ளது?" அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து, ஜூன் 5 அன்று நடந்த முதல்நிலைத் தேர்வில் யு.பி.எஸ்.சி. இதே தலைப்பைத் தொட்டது. கிஜாடியாவும் இல்லை, பகீராவும் இல்லை. ஹோகேரா – பஞ்சாப், ரேணுகா – இமாச்சலப் பிரதேசம், ருத்ரசாகர் – திரிபுரா, சாஸ்தாம்கோட்டை – தமிழ்நாடு. இந்த நாலு ஜோடியில் எத்தனை சரி என்பதுதான் கேள்வி. விடை, இரண்டு மட்டும். ஹோகேரா இருப்பது ஜம்மு காஷ்மீரில். சாஸ்தாம்கோட்டை கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில். "கோட்டை"ன்னு முடியுதே, நம்ம ஊராத்தான் இருக்கும் என்று டிக் அடித்தவர் கதை அங்கேயே முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. அந்த நாலு இடங்களுமே 2002, 2005ஆம் ஆண்டுகளில் பட்டியலில் சேர்ந்தவை. புதுச் செய்தி வந்ததால்தான் பழைய பட்டியல் கேள்வியானது. செய்தி எந்தப் பாடத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லும். கேள்வி அந்தப் பாடத்துக்குள்ளே இருந்துதான் வரும்.

பழைய க்விஸ், பழைய எண்

ராம்சாரிலேயே இன்னொரு சிக்கலையும் பார்த்துவிடலாம். இந்தியாவின் எண்ணிக்கை 2022 ஆகஸ்டில் 75, 2024 ஜனவரி இறுதியில் 80, அதே ஆண்டு ஆகஸ்டில் 85, 2025 பிப்ரவரியில் 89. தமிழ்நாட்டுக்கு 2022 ஜூலை வரை கோடியக்கரை ஒன்றுதான். அடுத்த சில வாரங்களிலேயே 14 ஆகி, 2025 பிப்ரவரியில் 20ஐத் தொட்டது. ஆக "மொத்தம் எத்தனை?" என்ற கேள்விக்கு 75 என்று விடை போட்ட பிடிஎஃப் ஒரு காலத்தில் சரி. தேதி போடாமல் இன்றைக்கும் அது ஃபார்வர்டு ஆகிக்கொண்டிருந்தால், அது உங்களைக் கவிழ்க்கும்.

அதனால் எண்ணிக்கை, தரவரிசை, பதவியில் இருப்பவர் பெயர் கேட்கிற எந்தக் கேள்விக்கும் பக்கத்தில் "எந்தத் தேதி நிலவரம்?" என்று எழுதுங்கள். தேதி இல்லாத கேள்வித் தொகுப்பை டெலீட் செய்யத் தயங்க வேண்டாம். ஸ்டோரேஜாவது மிச்சமாகும்.

சரி, பட்டியல் இப்படி மாறிக்கொண்டே இருக்கும்போது எதைத்தான் படிப்பது? மாறாததை. ராம்சார் ஒப்பந்தம் 1971இல் ஈரானில் உள்ள ராம்சார் நகரில் கையெழுத்தானது. இந்தியா 1982இல் சேர்ந்தது. சூழல் கெட்டுவருகிற ஈரநிலங்களைக் குறித்துவைக்கும் மாண்ட்ரூ பதிவேட்டில் ராஜஸ்தானின் கேவலாதேவும் மணிப்பூரின் லோக்டாக்கும் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டில் ஓர் இடம் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று 2014 முதல்நிலைத் தேர்விலேயே கேட்டிருக்கிறார்கள். அதோடு மேப்பைத் திறந்து நம் 20 இடங்களையும் மாவட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். திருப்பூருக்கு நஞ்சராயன் குளம், அரியலூருக்கு கரைவெட்டி, ராமநாதபுரத்துக்கு தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும். நீங்கள் பஸ்ஸில் தினமும் கடக்கிற ஏரியே பட்டியலில் இருக்கலாம்.

அரைகுறையாகத் தெரிந்தால் என்ன ஆகும்?

முதல்நிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண், 2 மணி நேரம். சரியான விடைக்கு 2. தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 0.66 போய்விடும். ஒன்றுமே தெரியாமல் நாலு விருப்பத்தில் ஒன்றைக் குத்தினால், சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விருப்பத்தையாவது நிச்சயமாக நீக்க முடிந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். ரெண்டை நீக்கினால் நன்றாகவே சாயும். "எலிமினேஷன்" என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்.

ஆனால் 2023இல் "மேற்கண்ட கூற்றுகளில் எத்தனை சரி? ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவும் இல்லை" என்ற வடிவம் ஏராளமாக வந்தது. இதில் மூன்றில் ஒரு கூற்று தெரியாவிட்டாலும் விடை கையை விட்டுப் போய்விடலாம். மேலோட்டமாகத் தலைப்புச் செய்தி படித்தவருக்கும் உள்ளே போய்ப் படித்தவருக்கும் இடையே உள்ள தூரம் இங்கேதான் மார்க்காக மாறுகிறது. பயிற்சியிலும் இந்த வடிவத்தையே பழகுங்கள். ஒருவரிக் கேள்விகள் டி.என்.பி.எஸ்.சி.க்கு ஓரளவு கைகொடுக்கும், யு.பி.எஸ்.சி.க்கு அதுவே முழுச் சாப்பாடு ஆகாது.

கேள்வியை நீங்களே போடுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. பிறர் போட்ட 50 கேள்விக்கு விடை சொல்வதைவிட, ஒரு செய்தியிலிருந்து நீங்களே ரெண்டு கேள்வி போட்டுப் பார்ப்பது அதிகம் சொல்லித்தரும். நேரம் ஆகும், உண்மைதான். ஆனால் மறக்காது.

ரெப்போ வட்டி பற்றிய செய்தி ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். சதவீதத்தை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், முடிவெடுத்தது யார் என்று கேளுங்கள். நாணயக் கொள்கைக் குழு. எந்தச் சட்டப்படி? 2016இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்படி. எத்தனை உறுப்பினர்கள்? ஆறு பேர், மூன்று பேர் ரிசர்வ் வங்கித் தரப்பு, மூன்று பேர் மத்திய அரசு நியமிப்பவர்கள். வாக்குகள் சமமானால்? ஆளுநருக்கு இன்னொரு வாக்கு உண்டு. பணவீக்க இலக்கை நிர்ணயிப்பது யார்? பலர் ரிசர்வ் வங்கி என்பார்கள். இல்லை, ரிசர்வ் வங்கியுடன் கலந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. இப்போது ஒரு கூற்றை வேண்டுமென்றே தப்பாக மாற்றி எழுதுங்கள்: "பணவீக்க இலக்கை நாணயக் கொள்கைக் குழு நிர்ணயிக்கிறது." கேள்வி தயார். தப்பை எங்கே ஒளித்துவைக்கலாம் என்று யோசிக்கும்போதுதான், தேர்வாளர் எங்கே ஒளித்துவைப்பார் என்பது பிடிபடும்.

இன்னொன்றை நீங்களே முயன்று பாருங்கள். 2023ஆம் ஆண்டின் மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தம் பற்றிய மூன்று கூற்றுகள். முதலாவது, இது மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் பொருந்தும். இரண்டாவது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கிய இடங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு உண்டு. மூன்றாவது, இது அரசமைப்பின் 128ஆவது திருத்தச் சட்டம். எத்தனை சரி?

ஒன்று மட்டும், அதாவது இரண்டாவது. மக்களவை, மாநிலச் சட்டமன்றப் பேரவைகள், டெல்லி சட்டமன்றம் ஆகியவற்றுக்குத்தான் இந்த ஒதுக்கீடு; மாநிலங்களவைக்கும் மேலவைகளுக்கும் கிடையாது. 128 என்பது மசோதாவின் எண். நிறைவேறிய பிறகு அது 106ஆவது திருத்தச் சட்டம். மசோதா எண்ணும் சட்ட எண்ணும் வேறு வேறு என்பது செய்தியை மட்டும் பின்தொடர்பவருக்கு எளிதில் நழுவும், ஏனென்றால் பரபரப்பு இருந்த நாட்களில் எல்லாரும் சொன்னது 128தான்.

இதற்கெல்லாம் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம், பி.ஐ.பி., தமிழிலும் செய்திக்குறிப்புகள் வெளியிடுகிறது. மசோதாக்களின் சுருக்கம் பி.ஆர்.எஸ். தளத்தில் கிடைக்கும். சட்டத்தின் மூல வாசகம் வேண்டுமென்றால் 'இந்தியா கோட்' தளம். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் யு.பி.எஸ்.சி., டி.என்.பி.எஸ்.சி. இரண்டின் அதிகாரப்பூர்வ தளங்களிலும் இலவசம். டி.என்.பி.எஸ்.சி. விடைக்குறிப்பையும் வெளியிடுகிறது, தற்காலிகக் குறிப்பில் தவறு கண்டால் ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒரு க்விஸ் விடையில் சந்தேகம் வந்தால் கமெண்டில் சண்டை போடாமல் இந்த மூலங்களில் தேடுங்கள், ஐந்து நிமிட வேலை.

தமிழில் படிக்கிறவர்களுக்கு

யு.பி.எஸ்.சி. முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். ஆனால் முதல் வாசலைத் தாண்டுவது ஆங்கிலத்தில்தான். அவசரச் சட்டம் என்று தெளிவாகத் தெரிந்தவர் அங்கே 'ஆர்டினன்ஸ்' என்று பார்த்து ஒரு நொடி தடுமாறுவார். 'மானிட்டரி பாலிசி கமிட்டி'யும் 'டீலிமிட்டேஷன்'னும் அப்படித்தான். எனவே தமிழில் புரிந்துகொண்டு, கேள்வியை மட்டும் ரெண்டு மொழியிலும் எழுதிப் பழகுங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதல்நிலையில் இந்தத் தொல்லை இல்லை; 200 கேள்விகளும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், தவறான விடைக்கு மைனஸ் மார்க்கும் கிடையாது.

"சும்மா எழுதிப் பார்க்கலாம்" என்று முதல் முறை போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் வாய்ப்பு குறையாது. முதல்நிலையின் ஒரு தாளை எழுதினாலும் ஒரு வாய்ப்பு கழிந்துவிடும். பொதுப்பிரிவுக்கு 6 முறை, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவுக்கு 9 முறைதான். பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவினருக்கு வயது வரம்பு வரை எத்தனை முறையும் எழுதலாம்.

கோச்சிங்குக்குப் பணம் இல்லையே என்பவர்களுக்கு, நான் முதல்வன் திட்டத்தில் ஒரு உதவி இருக்கு. 2023-24 பட்ஜெட்டில் அறிவித்தபடி, மதிப்பீட்டுத் தேர்வு மூலம் தேர்வாகும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை. முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள அகில இந்திய குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்திலும் அரசு பயிற்சி தருகிறது. அங்கே சேரவும் நுழைவுத் தேர்வு உண்டு. ஒவ்வொரு ஆண்டும் தேதியும் தகுதி விவரமும் நான் முதல்வன் தளத்திலும் மையத்தின் தளத்திலும் வெளியாகும். ஃபார்வர்டு மெசேஜில் வருகிற லிங்கில் ஆதார் எண்ணையோ பணத்தையோ கொடுத்து விண்ணப்பிக்க வேண்டாம்.