கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தத்துரிமை வந்த வழி

புனேயின் ஏரவாடாவிலிருந்து பண்ட் கார்டன் பாலத்தைக் கடந்து சற்றுத் தூரம் போனால் சசூன் அரசு மருத்துவமனை. அதைச் சார்ந்த ஸ்ரீவத்ஸ இல்லத்திலிருந்துதான், 1979-ல் பிறந்த லிசா ஸ்தலேகர் மூன்று வாரக் குழந்தையாகத் தத்துப் போனார். பின்னாளில் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியில் ஆடி உலகக் கோப்பை வென்றார். அதே காலத்தில் ஏரவாடாவில் குடியிருந்த ஒரு கிறிஸ்தவத் தம்பதி அங்கே ஒரு குழந்தையைக் கேட்டிருந்தால், சட்டப்படி அவர்கள் தாய் தகப்பன் ஆகியிருக்க முடியாது.

1956-ன் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டுமே. கிறிஸ்தவர், முஸ்லிம், பார்சிகளுக்கு மிஞ்சியது 1890-ன் காப்பாளர் சட்டம். வெளிநாட்டவரும் இதே சட்டத்தில்தான் வந்தார்கள். நீதிமன்றத்தில் காப்பாளராகி, குழந்தையைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோய் அங்கே முறையாகத் தத்தெடுத்தார்கள். உள்ளூர்க் கிறிஸ்தவருக்கு அந்த இரண்டாம் படி இல்லை. பிள்ளை மேஜரானதும் காப்புரிமை முடிந்துவிடும். சொத்து சேர வேண்டுமானால் உயில் எழுத வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்து, வீட்டுப் பெயர் சூட்டி வளர்த்த பிள்ளைக்கு இந்தக் கதி. பெரும் அநியாயம் இது.

நூற்றாண்டு முடியும் தறுவாயில், தத்தெடுக்கும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என்று ஒரு கிறிஸ்தவத் தம்பதியின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. 2000-ன் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் மதம் பாராத வழியைத் திறந்தன. எந்த மதத்தவரும் இதன்படி தத்தெடுக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இன்று நடப்பில் இருப்பது 2015-ன் சிறார் நீதிச் சட்டம். குழந்தையைத் தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்ததும், முதல் வாய்ப்பு இங்குள்ளவர்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும். 60 நாளில் யாரும் அமையாவிட்டால்தான் வெளிநாட்டுக் குடும்பம். மாற்றுத்திறன் குழந்தைகள், ஐந்து வயது தாண்டியவர்கள், உடன்பிறந்தாரோடு சேர்ந்தே போக வேண்டியவர்கள் ஆகியோரை அயல்நாட்டுக்கு முன்னுரிமையோடு அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. நம் வீடுகள் ஏற்கத் தயங்கும் பிள்ளைகளும் இவர்களே. அந்தத் தயக்கம் என்னை வருத்துகிறது. வெளிநாடு போன பிறகும் குழந்தை எப்படி இருக்கிறது என்று இரண்டு ஆண்டுகளுக்கு அங்கிருந்து அறிக்கை வர வேண்டும்.

பங்குச் சாமியார் மூலமாக, தெரிந்த சிஸ்டர் மூலமாக, ஆஸ்பத்திரி நர்ஸ் மூலமாகக் குழந்தை கிடைக்கும் என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். முறை மீறி எடுத்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆசையாய் வளர்த்த பிள்ளையையும் இழக்க நேரும். மத்திய தத்து ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அங்கே உங்கள் மதம் ஒரு தடையே அல்ல.