டேக் செய்யும் முன்... ஒரு நிமிடம்!

வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம்... வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், பந்தி முடிவதற்குள் போட்டோக்கள் ஃபேஸ்புக்கில் ஏறிவிடுகின்றன. கூடவே சித்தி, அத்தை, மாமா என்று எல்லோரையும் பாசத்தோடு 'டேக்' செய்துவிடுகிறோம். அந்த டேக், படத்தை யார் யாரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று யோசித்ததுண்டா?

யாரெல்லாம் பார்ப்பார்கள்?

'ஃப்ரெண்ட்ஸ்' மட்டும் பார்க்கும்படி வைத்து ஒரு படத்தைப் போடுகிறீர்கள். அதில் உங்கள் நாத்தனாரை டேக் செய்தால், அவர் தன் செட்டிங்ஸை மாற்றி வைக்காதவரை, அவருடைய நண்பர்களும் அதைப் பார்க்கலாம். பத்துப் பேரை டேக் செய்தால் பத்துப் பேரின் நட்பு வட்டமும் உள்ளே வந்துவிடும். அவர்களில் பலரை உங்களுக்கு முகம்கூடத் தெரியாது.

அந்தப் படத்தில் குழந்தையின் பள்ளிச் சீருடையோ, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோ இருந்தால், அவள் எங்கே படிக்கிறாள் என்பது தெரிந்துவிடும். 'குடும்பத்தோடு கொடைக்கானலில்' என்று இடத்தையும் சேர்த்துப் போட்டால், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நாமே அறிவித்த மாதிரிதான்.

மாற்ற வேண்டிய மூன்று

ஃபேஸ்புக் செட்டிங்ஸில் 'ப்ரொஃபைல் அண்ட் டேகிங்' என்ற பகுதிக்குப் போங்கள்.

1. உங்களை டேக் செய்த பதிவுகள், நீங்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி 'ரிவ்யூ'வை ஆன் செய்யுங்கள்.

2. உங்கள் பதிவில் மற்றவர்கள் சேர்க்கும் டேக்குகளுக்கும் இதே போல ஒரு 'ரிவ்யூ' உண்டு. அதையும் ஆன் செய்யுங்கள்.

3. உங்களை டேக் செய்தால் கூடுதலாக யார் பார்க்கலாம் என்ற கேள்விக்கு 'ஒன்லி மீ' என்று வையுங்கள். உங்கள் நண்பர் வட்டம் தானாகச் சேர்வது நின்றுவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ரிவ்யூ காப்பது உங்கள் பக்கத்தை மட்டும்தான். படத்தைப் போட்டவரின் பக்கத்தில் அது இருக்கவே செய்யும். டேக்கை நீக்கினாலும் படம் போகாது. அதைப் போட்டவரே எடுத்தால்தான் உண்டு. உரிமையோடு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

பழைய படங்கள்?

முன்பு 'பப்ளிக்' என்று போட்டவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' என்ற வசதி, அவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடும். ஆனால், அவற்றில் டேக் செய்யப்பட்டவர்கள் தொடர்ந்து பார்க்க முடியும்.

இன்ஸ்டாகிராமில் இருப்பவர்கள் கணக்கை 'பிரைவேட்' ஆக்கிவிட்டு, டேக்குகளை நீங்களே அனுமதிக்கும் வசதியையும் ஆன் செய்யலாம். போன் கேமரா செட்டிங்ஸில் 'லொகேஷன்' பதிவதையும் நிறுத்தி வையுங்கள்.

கேட்டுவிட்டுப் போடலாமே!

2021 நவம்பரில், படத்தில் இருப்பவரைத் தானாக அடையாளம் காணும் வசதியை நிறுத்தப்போவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. 100 கோடிக்கும் அதிகமானோரின் முக அடையாளப் பதிவுகளை அழிப்பதாகவும் சொன்னது. ஆனால், முகத்துக்குப் பக்கத்தில் பெயரை எழுதிக் காட்டும் வேலையை நம் கை இன்னும் செய்துகொண்டுதான் இருக்கிறது. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே கணக்குத் தொடங்கவே அனுமதி இல்லை. அவர்கள் படங்களோ ஏராளம்!

அடுத்த விசேஷத்தில் போட்டோவைப் போடும் முன், "இதைப் போடட்டுமா?" என்று சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குழந்தை என்றால் அதன் அம்மாவிடம். குடும்பத்துக்குள் மட்டும் பார்க்க வேண்டிய படம் என்றால், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பே போதும்.